ருய்லான் தூக்கிக்கொண்டு ஓடிய வெறும் பெட்டி

ஷான்கோ மலையூர்,
1941 நவம்பர்.

அன்புள்ள மகன் சாவ்மிங்குக்கு உன் அம்மா எழுதுவது.

முதல் காரியமாக இதைப் படித்துக்கொள், நானும் உன் தங்கை ருய்லானும் உயிரோடு இருக்கிறோம், கை கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. நீயும் மணிலாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். எடுத்த எடுப்பிலேயே உயிரைப் பற்றி எழுதுகிறாளே என்று திகைக்காதே, உனக்கும் சேர்த்து நானே பயந்து தொலைத்துவிட்டேன், நீ நிதானமாகப் படி. நீ கொடுத்தனுப்பிய கடிதம் பாதிரியாரின் மைத்துனர் லின் கையால் வந்து சேர்ந்தது, சட்டை உள்மடிப்பில் வைத்துத் தைத்துக் கொண்டுவந்திருந்தார், வியர்வையில் ஓரமெல்லாம் மை கலங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. ருய்லான் அங்கே வர அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டாய் என்றும், நீ வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அவளுக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறாய் என்றும் எழுதியிருந்தாய். லின் நாளை மறுநாள் ஹாங்காங் திரும்புகிறார், அவரோடு அனுப்பினால் அங்கிருந்து அவளுக்குக் கப்பல். அனுப்புகிறேனா இல்லையா என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் நடந்ததைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் நீ என்னைத் திட்டுவாய், அதனால் தாண்டித் தாண்டிப் படிக்காமல் வரிசையாகப் படி.

கல்லூரி இன்னும் இந்த ஊர் ஷியே குலத்தாரின் முன்னோர் மண்டபத்தில்தான் நடக்கிறது. ஃபூசோவில் நாங்கள் விட்டுவந்த கட்டடத்தில் ஜப்பான்காரன் குதிரை கட்டியிருந்தான், இப்போது போய்விட்டான் என்கிறார்கள், திரும்பி வரமாட்டான் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள், ஆகவே முதல்வர் அம்மா இங்கேயே இருப்போம் என்று சொல்லிவிட்டார். முன்னோர் பெயர்ப் பலகைகள் இருக்கிற மேடைக்கு முன்னால் கணக்குப் பாடம், ஜன்னல் இருக்கிற வலது தாழ்வாரத்தில் ருய்லான் படிக்கிற உயிரியல் பாடம், பன்றித் தொழுவத்தை ஒட்டி ஆங்கிலம். பின்கட்டில் பெண்பிள்ளைகள் படுக்கிற இடம், அவர்களுக்குக் காவல் நான். அந்தப் பின்கட்டில்தான் குலத்துப் பெரியவர்கள் தங்கள் கடைசிக் காலத்துக்கென்று செய்து வைத்துக்கொண்ட சவப்பெட்டிகளும் மரத்தாங்கிகள் மேல் வரிசையாக இருக்கின்றன. நம் ஊரிலும் இருக்கிற வழக்கம்தான், ஆனால் அவற்றுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்தால்தான் அது என்ன என்று தெரியும். இந்த ஊர் ஈரத்துக்கும் எலிக்கும் தப்பி ஒரு பொருள் பத்திரமாக இருக்க வேறு இடமே இல்லை என்பதால், பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு கல்லூரியின் கண்ணாடிச் சாமான்களையும் நுண்ணோக்கிகளையும் அந்தச் சவப்பெட்டிகளுக்குள்தான் வைக்கிறோம். இருப்பதிலேயே நல்லது ஷியே பெரியவருடையது. வருஷம் தவறாமல் அரக்குப் பூசி, முகம் பார்க்கலாம் போல வைத்திருப்பார், தினமும் வந்து பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பாடம் கேட்பார், பிள்ளைகள் சாமான் எடுக்க வந்தால், "பாத்து எடுங்கம்மா, கீறல் விழுந்துச்சுன்னா மேல போனதும் எங்கப்பா என்னைக் கேப்பாரு" என்பார்.

பாடம் நடக்கிற நேரத்தை நீ கேட்டால் சிரிப்பாய். விடிவதற்கு முன்பே கஞ்சி, கஞ்சி இறங்குவதற்குள் வகுப்பு, மலைப்பனி விலகுகிறவரைக்கும் வகுப்பு. பனி இருந்தால் விமானம் வராது. பனி விலகி வெயில் வந்ததும் மூட்டை கட்டிவிட்டு, பிறகு சாயங்காலம் மறுபடி ஆரம்பிப்பார்கள். முன்பெல்லாம் வானம் தெளிந்தால் துணி உலர்த்தலாம் என்று சந்தோஷப்பட்டவள் நான், இப்போது மழை பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வருகிறது. வெள்ளைத் துணி மேலிருந்து தெரியும் என்று பிள்ளைகளின் சட்டைகளை எல்லாம் அவுரியில் முக்கி எடுத்துவிட்டேன், என் கையும் நீலம், சோற்றுப் பானையும் நீலம். எதிர்மலை உச்சியில் ஒரு மூங்கில் கம்பம் நட்டிருக்கிறார்கள், விமானம் கடற்கரையைத் தாண்டினால் ஒரு சிவப்புக் கூண்டு ஏற்றுவார்கள், நம் பக்கம் திரும்பிவிட்டால் இரண்டாவது கூண்டு. முதல் கூண்டு ஏறினதும் அவரவர் பொருளைத் தூக்கிக்கொண்டு அவரவர் இடத்துக்கு ஓட வேண்டும். இது முதல்வர் அம்மா இங்கே வந்த நாளிலேயே செய்த ஏற்பாடு, கல்லூரியில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொருள். ஒருத்திக்கு அகராதி, ஒருத்திக்குத் தராசு, இரண்டு பேருக்குக் கரும்பலகை, அதைப் பல்லக்கு மாதிரி தோளில் வைத்துக்கொண்டு மேடேறுவார்கள். ருய்லானுக்கு நுண்ணோக்கி. கணக்குக்காரர்கள் சுண்ணாம்புக் காளவாய்க்குப் பின்னால், உயிரியல்காரர்கள் மூங்கில் தோப்புக்குள், தலைக்கு மேல் விமானம் இரைந்து போகும், உயிரியல் ஆசிரியை கூ மண்ணில் குச்சியால் படம் போட்டு விட்ட இடத்திலிருந்து பாடம் சொல்லிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். எனக்கு மட்டும் பொருள் எதுவும் கிடையாது, என் பொருள் கூடவே ஓடி வருகிறதே, அதுவே போதும் என்று முதல்வர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

ஷியே பெரியவர் மட்டும் எப்போதும் ஓடுவதில்லை. கூண்டு ஏறினாலும் முக்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். வாங்க பெரியவரே என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன், "நான் எதுக்கும்மா ஓடணும், வேண்டியது பக்கத்துலயே இருக்கு, அப்படியே சாய்ஞ்சா முடிஞ்சுது வேலை" என்று சிரிப்பார்.

இப்போது அன்று நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம், பனி சீக்கிரமே விலகிவிட்ட நாள். ஆற்றுத் தண்ணீரில் இருக்கிற நுண்ணுயிர்களைப் பார்க்கிற வகுப்பு, ஜன்னலோரம் நுண்ணோக்கியை வைத்து வெயிலைக் கண்ணாடியில் பிடித்துத்தான் பார்க்க முடியும், அதனால் பனி விலகியும் கூ கொஞ்சம் நீட்டிவிட்டார். கடைசியாக ருய்லான் பார்த்துக்கொண்டிருந்தபோது முதல் கூண்டு ஏறியது. எல்லாரும் எழுந்து ஓடினோம். ருய்லானும் தன் கைப்பிடி வைத்த மரப்பெட்டியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால்தான் மேடேறினாள், நான் அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். தோப்புக்குள் போய்ச் சேர்ந்ததும் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்தாள். "அம்மா, இது லேசா இருக்கும்மா" என்றாள். திறந்து பார்த்தால் வெறும் பெட்டி. கருவி ஜன்னலோரத்திலேயே நிற்கிறது, மேலே கண்ணாடித் துண்டோடு, இவள் பெட்டியை மட்டும் மூடித் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். போகட்டும் விடு என்று நான் சொல்வதற்குள் பெட்டியை என் கையில் திணித்துவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினாள். சட்டையைப் பிடித்தேன், பொத்தான்தான் கையோடு வந்தது. அவள் மண்டபத்து வாசலில் நுழைவதைப் பார்த்தேன், எதிர்மலையில் இரண்டாவது கூண்டு ஏறுவதையும் பார்த்தேன். நானும் இறங்கப் போனேன், ஆசிரியை கூவும் இரண்டு பிள்ளைகளும் என்னைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். விமானங்கள் மலை இடுக்கு வழியாகத் தாழ்வாக வந்தன. முதல் குண்டு ஆற்றில் விழுந்தது, அடுத்தது கடைத்தெருப் பக்கம், அதற்கடுத்தது மண்டபத்து வாசலில். புகை எழும்பி மண்டபமே தெரியவில்லை. மகனே, அந்த நேரம் முழுவதும் நான் அந்த வெறும் பெட்டியைத்தான் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன், எதற்கு என்று எனக்கே தெரியாது, யார் கேட்டும் கொடுக்கவில்லை.

கூண்டு இறங்குவதற்கு முன்பே ஆசிரியை கூவை உதறிவிட்டு ஓடினேன். முன்சுவர் விழுந்து கிடந்தது, வலது தாழ்வாரத்துக் கூரை ஓடெல்லாம் தரையில், ஜன்னல் இருந்த இடத்தில் ஆகாயம். நுண்ணோக்கியும் இல்லை, பெண்ணும் இல்லை. பெயரைச் சொல்லிக் கத்தினேன், தொண்டையில் தூசி அடைத்துச் சத்தம் வரவில்லை. பின்கட்டில் போய்ப் பார்த்தால் ஷியே பெரியவர் தன் சவப்பெட்டி இருந்த மரத்தாங்கிகளுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறார், தாடியெல்லாம் சுண்ணாம்பு, கண் திறந்திருக்கிறது, வாய் அசைகிறது, பேச்சு வரவில்லை. கையைத் தூக்கி மேலே காட்டினார். அவருடைய சவப்பெட்டியின் மூடி மூடியிருந்தது, மேலே உத்தரக்கட்டை ஒன்று விழுந்து கிடந்தது. எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் திறக்கக் கை போகவில்லை. திறக்காத வரைக்கும் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தோன்றியது, திறந்து பார்த்து அப்படி இல்லையென்றால் நான் என்ன செய்வேன். பெற்றவள் இப்படி நின்றேன் என்று உனக்கு எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் நின்றேன். உள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு உடம்பில் உயிர் வந்தது, பின்னால் வந்த ஆசிரியை கூவும் பிள்ளைகளும் சேர்ந்து கட்டையைத் தள்ளி மூடியைத் தூக்கினோம். உன் தங்கை அதற்குள் நுண்ணோக்கியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். என்னைப் பார்த்து முதல் வார்த்தை என்ன சொன்னாள் தெரியுமா, "கண்ணாடி உடையலம்மா" என்றாள். ஓங்கி ஓர் அறை விட்டேன், அப்புறம் அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இவள் கருவியை எடுத்துக்கொண்டு திரும்பியபோது இரைச்சல் தலைக்கு மேல் வந்துவிட்டது, பெரியவர்தான் இவள் தோளைப் பிடித்து, சாமான் எடுத்துக் காலியாக இருந்த தன் பெட்டிக்குள் தள்ளி மூடியைப் போட்டிருக்கிறார், தான் அடியில் புகுந்துகொண்டிருக்கிறார். பேச்சு திரும்பினதும் அவர் சொன்னது, "ஒங்க பொண்ணு செருப்புக் காலோட உள்ள போயிட்டாம்மா, நானே இன்னும் ஒரு தடவகூட படுத்துப் பாக்கல." எல்லாரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஞானஸ்நானம் வாங்கியவள்தான், சகுனம் பார்க்கக் கூடாதுதான், ஆனாலும் என் பெண் சவப்பெட்டிக்குள் படுத்ததை நான் எப்படி மறப்பேன்.

கடைத்தெருவில் விழுந்த குண்டில் சோயாக்கட்டி விற்கிற பெண் போய்விட்டாள், முதுகில் கட்டியிருந்த குழந்தையும். முந்தின நாள்தான் அவளோடு நான் கட்டி சின்னதாகிவிட்டது என்று சண்டை போட்டிருந்தேன். சின்ன வயசுக்காரி, அவளுக்கு எங்கே சவப்பெட்டி தயாராக இருக்கும், வயசானவர்கள்தானே செய்து வைப்பார்கள். பெட்டிக்குப் பதிலாக அவள் புருஷன் கதவுப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஷியே பெரியவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தன் சவப்பெட்டியில் ஒட்டியிருந்த தூசியைத் துணியால் துடைத்தார், நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லிவிட்டார். அத்தனை வருஷம் அரக்குப் பூசினது, தாயும் பிள்ளையுமாக அதிலேதான் போனார்கள். ருய்லான் படுத்திருந்த பெட்டி மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்தபோது நான் அவள் கையை விடவே இல்லை, அவள் வலிக்கிறது என்று சொல்லியும் விடவில்லை. அன்றிலிருந்து பெரியவரைப் பார்க்க வேண்டும் நீ, கூண்டு ஏறினால் ஊரிலேயே முதலில் ஓடுகிறவர் அவர்தான். என்ன பெரியவரே இப்படி என்று கேட்டால், "முன்ன பெட்டி இருந்துச்சு, தைரியமா ஒக்காந்திருந்தேன். இப்ப பெட்டி இல்ல, எப்படிம்மா சாகிறது, ஓடித்தானே ஆகணும்" என்கிறார்.

மறுநாள் விடிவதற்கு முன் வழக்கம்போல வகுப்பு. விழுந்த ஓடுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சுவர் இல்லாத இடத்தில் நுண்ணோக்கியை வைத்து, வெளிச்சம் இப்போது முன்னைவிட நன்றாக வருகிறது என்றார் கூ. நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், ருய்லானை உன்னிடம் அனுப்பிவிடுவது என்று. இரண்டு நாள் கழித்து லின் உன் கடிதத்தோடு வந்து நின்றபோது ஆண்டவனே அனுப்பினார் என்று நினைத்தேன். முதல் பக்கத்தில் அனுமதிச் சீட்டு என்று பார்த்ததுமே மீதியைப் படிக்காமல் அவளுடைய பஞ்சு வைத்த சட்டை, காலுறை எல்லாம் எடுத்து மூட்டை கட்டினேன். அவள் வகுப்பு முடிந்து வந்து மூட்டையைப் பார்த்தாள். வருஷ முடிவில் கடைசிப் பரீட்சை இருக்கிறதே என்றாள். பரீட்சை கிடக்கட்டும் என்றேன். "எம் பேர்ல இருக்கிற கருவிய யாருகிட்ட குடுத்துட்டுப் போறது?" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு, "அதப் பெத்தவ நான் இல்லடி, ஒன்னத்தான் பெத்தேன், ஒன்ன உயிரோட வெச்சிருக்கிறதுதான் எனக்குப் பரீட்சை" என்று கத்திவிட்டேன், பின்கட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள், கடைசித் தாளில் ஒரு வரியை விரல் வைத்து எனக்குக் காட்டினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள், "அண்ணன் இருக்கிற எடத்துலயும் ராத்திரி வெளக்க அணைச்சுப் பழகுறாங்களாம்மா."

நீ விளையாட்டு மாதிரிதான் எழுதியிருக்கிறாய், சங்கு ஊதுகிறார்கள், எல்லாரும் விளக்கை அணைக்கிறோம், இருட்டில் பக்கத்து வீட்டுக்காரர் கிட்டார் வாசிக்கிறார் என்று. எங்களுக்கும் முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. ஃபூசோவில் விளக்கை அணைத்துப் பழகியபோது நாமும் கடலை வறுத்துக் கொறித்துக்கொண்டுதானே இருட்டில் உட்கார்ந்திருந்தோம், உனக்கு நினைவில்லையா. லின்னைக் கூப்பிட்டு ஹாங்காங் எப்படி இருக்கிறது என்று உண்மையைச் சொல்லும்படி கேட்டேன், "வாசலுக்கு வாசல் மண் மூட்டை அடுக்குறாங்க அக்கா, நடக்கவே எடமில்ல" என்றார். இத்தனை நாளும் இரண்டு பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்காவது பயப்பட வேண்டாம் என்று நினைத்துத்தான் நான் ராத்திரி கண்ணை மூடினேன், இப்போது அதுவும் போய்விட்டது. ருய்லானை நான் அனுப்பவில்லை, மகனே. பரீட்சைக்காக என்று நினைக்காதே, அந்தக் கருவிக்காகவும் இல்லை. இங்கே கூண்டு ஏறினால் எந்தப் பக்கம் ஓடுவது, எந்த மூங்கில் புதருக்குள் படுப்பது என்று எனக்குத் தெரியும், ஓட முடியாமல் போனால் அவளைப் பிடித்து உள்ளே தள்ள ஒரு கை இருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, கடல் நடுவில் கப்பலில் எங்கே ஓடுவாள் என்றும் தெரியாது. நான் செய்வது சரியா தப்பா, இதற்காகவே ஒருநாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவேனா, அதுவும் தெரியாது. உன்னை வா என்று கூப்பிடவும் வாய் வரவில்லை, அங்கேயே இரு என்று சொல்லவும் வரவில்லை.

ஆகவே இதையாவது கவனமாகக் கேள், உனக்குச் சொல்லித் தர அங்கே ஆள் இல்லை. உன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சாக்கடையோ பள்ளமோ எங்கே இருக்கிறது என்று நாளைக்கே பார்த்து வை, பிள்ளைகளுக்கும் காட்டி வை. சுவருக்கு அடியில் நிற்காதே. படுத்தால் குப்புறப் படு, முழங்கையை ஊன்றிக்கொள், நெஞ்சு தரையில் படக் கூடாது, காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்து வை. வெள்ளைச் சட்டை போடாதே, அந்த ஊரில் எல்லாரும் வெள்ளைதான் போடுவார்கள் என்று எழுதியிருந்தாய், யார் போட்டால் என்ன, நீ போடாதே. சட்டைப்பையில் காய்ந்த ரொட்டி ஏதாவது வைத்துக்கொள். விட்டுவந்தது எதுவானாலும் திரும்பிப் போய் எடுக்காதே, நான் அனுப்பிய அப்பாவின் படமானாலும் சரி. கல்லூரியில் இங்கே ஆளுக்கொரு பொருள் என்று எழுதினேன் அல்லவா, உனக்கு நான் ஒன்று ஒதுக்குகிறேன், சங்கு ஊதினால் நீ தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது உன்னைத்தான். பதற்றத்தில் உன் தங்கை மாதிரி அதை அங்கேயே விட்டுவிட்டு, வேறு எதையோ கட்டிக்கொண்டு ஓடி வந்துவிடாதே.

ருய்லான் பக்கத்தில் உட்கார்ந்து மூங்கில் குழாயில் பரீட்சைக்கு மை கரைக்கிறாள், அண்ணனுக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள், அவள் சட்டைக்குப் பொத்தான் தைத்துவிட்டேன். வானம் தெளிவாக இருக்கிறது, கம்பத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன், அதனால்தான் வரி கோணலாகப் போகிறது. நீ பல்லாண்டு இருக்க வேண்டும், ஆண்டவன் உன்னைத் தன் கைக்குள் பொத்தி வைத்துக்கொள்ளட்டும். பதில் எழுதும்போது மற்றதெல்லாம் பிறகு, உயிரோடு இருக்கிறேன் என்பதை முதல் வரியிலேயே எழுது.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கக் காத்திருக்கும்
உன் அம்மா.